ஏழு பேர் சேர்ந்தால் பொது

சங்கரன்கோவிலில் முல்லை நகர்க்காரர்கள் ஒற்றுமையானவர்கள். நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒரே வாட்ஸ்அப் குழு. குழாயில் தண்ணீர் எப்போது வரும், யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது, எந்தத் தெருவில் கரண்டு இல்லை, எல்லாம் அதில் வந்துவிடும். இந்த ஒற்றுமையால்தான் தன் கணவருக்கு வலது கால் போனது என்று எப்சிபா சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவளே நம்பச் சிரமப்பட்டாள். ஏனென்றால் அந்த ஒரு வருடத்தில் ஒருவர்கூட அவளிடம் முடியாது என்று சொன்னதில்லை.

அவள் கணவர் சாம்சுந்தர் தேரடிப் பக்கம் பட்டன், நூல், லேஸ் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். நகரின் நடுவில் பூங்காவுக்கென்று விட்ட காலி மனை ஒன்று பதினைந்து வருடமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்டதும் சாம்சுந்தர் அரிவாளை எடுத்துக்கொண்டு அங்கே போவார். முதலில் தனியாகத்தான் வெட்டினார். பிறகு நாலு பேர் சேர்ந்தார்கள். இரண்டு வருடத்தில் இடம் சுத்தமாகிவிட்டது. புங்கையும் வேம்பும் வளர்ந்தன. ஓரத்தைச் சுற்றி ஜனங்கள் நடந்து நடந்து ஒரு மண்பாதை தானாக விழுந்தது. அதற்குக் கதவும் இல்லை, பெயரும் இல்லை. "அங்கன போயிட்டு வாரேன்" என்றால் அந்த இடம்தான்.

அப்போதுதான் சுந்தரராஜ் முல்லை நகருக்குக் குடிவந்தார். கணக்குத் தணிக்கை வேலையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வந்த இரண்டாம் வாரமே வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம் போட்டார்.

"இத்தன வருஷமா இந்த இடம் ஒரு அமைப்பே இல்லாம இருந்திருக்கு. நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"அண்ணாச்சி, இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கலியே" என்றார் சாம்சுந்தர்.

"அதத்தான் நானும் சொல்லுதேன். ஒண்ணும் நடக்கலன்னு எழுதி வைக்கக்கூட ஒரு ஆள் இல்லையே!"

கூட்டத்துக்கு அது சரியாகப் பட்டது. அன்றே 'முல்லை நகர் பொதுவெளிப் பங்கேற்பு மேலாண்மைக் குழு' உருவானது. தலைவர் சுந்தரராஜ். செயலாளர் லிங்கேஷ், மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் இளைஞர். எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு படிவம் தயார் செய்துவிடுவார். சாம்சுந்தருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை மடித்துக் கொண்டுவந்து எப்சிபாவிடம் கொடுத்தார். "இனிமே நமக்கு வேல இல்லட்டி. எல்லாம் கமிட்டி பாத்துக்கிடுமாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ஆறு மாதத்தில் சுற்றுச்சுவர் வந்தது. இரும்புக் கதவு வந்தது. மண்பாதையின் மேல் சிமெண்டுக் கற்கள் பதித்தார்கள். இரண்டு பெஞ்சு, ஒரு கேமரா, ஒரு பலகை. பலகையில் பெரிய எழுத்தில் 'இது உங்கள் பூங்கா' என்று இருந்தது. அதன் கீழே, 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது.' விதிமுறைகள் தயாராகும்வரை கதவு தற்காலிகமாகப் பூட்டியிருக்கும் என்று குழுவில் செய்தி போட்டார் லிங்கேஷ். எண்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். சாம்சுந்தரும் காட்டினார். அவருடைய கட்டைவிரல் அப்போது நன்றாக இருந்தது.

மாசி மாதம் ஒரு காலையில் கடையில் லேஸ் அளந்துகொண்டிருந்தவர் கையிலிருந்து அளவுகோல் விழுந்தது. குனிந்து எடுக்கப்போனவர் எழவில்லை. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். வீட்டுக்குத் திரும்பியபோது வலது கையும் காலும் அவருடையதாக இல்லை. பேச்சும் போயிருந்தது. "ம்" என்பார், "வா" என்பார். ஐம்பத்தாறு வயது.

வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ரிஸானா என்ற பெண் வாரம் இரண்டு நாள் வந்தாள். படிப்பு முடித்து நாலு வருடம் ஆனவள். வேலையில் கறாரானவள். அவள் எப்சிபாவை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஆன்ட்டி, அங்கிளுக்கு நடை வந்துரும். ஆனா முதல் ஆறு மாசம்தான் முக்கியம். இப்பம் விட்டா கால் இறுகிப் போயிரும். தெனமும் சமமான தரையில நடக்கணும். இந்த வீட்டுக்குள்ள எட்டு எட்டு வச்சா சுவரு வந்துருது."

தெருவில் நடத்தலாமென்றால் புதுக் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மண்மேடு. நல்ல கால் உள்ளவர்களே சேலையை, வேட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள். ஊரில் சமமான தரை என்று எப்சிபாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் வீட்டிலிருந்து நாலாவது வீடு தாண்டினால் பூங்கா.

மறுநாள் காலையில் சுந்தரராஜ் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அவுக ஒரு மணி நேரம் உள்ள நடக்கணும். சாவிய மட்டும் குடுத்தீங்கன்னா நானே தொறந்து, நானே பூட்டி, கொண்டுவந்து தந்துருவேன்."

சுந்தரராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது.

"சாம்சுந்தருக்கு இல்லாத பூங்காவா? அது அவரு உண்டாக்குன எடம். ஆனா நான் யாரு, தங்கச்சி? நான் வெறும் தலைவர். இது நூத்திப் பன்னெண்டு வீட்டுக்கும் சொந்தம். எல்லாருக்கும் சொந்தமான ஒண்ண நான் ஒருத்தன் எப்படித் தூக்கிக் குடுக்க? நாளைக்கு எவனும் 'சுந்தரராஜு சர்வாதிகாரி'ன்னு சொல்லிரக் கூடாது பாருங்க. ஒரு மனு போடுங்க. நானே முதல் ஆளா ஆதரிக்கேன்."

மனு காகிதத்தில் கூடாது, செல்போனில்தான் போட வேண்டும் என்றார்கள். லிங்கேஷ் தன் கடையிலேயே உட்கார்ந்து அவளுக்காக நிரப்பினார். பயனாளர் வகை என்ற இடத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: குழந்தை, இளைஞர், பெண், மூத்த குடிமகன்.

"அண்ணாச்சிக்கு என்ன வயசுக்கா?"

"அம்பத்தாறு."

"மூத்த குடிமகன்னா அறுவது ஆகணும். இளைஞருக்கு முப்பத்தஞ்சோட முடிஞ்சு போச்சு." லிங்கேஷ் திரையையே பார்த்தார். "நம்ம ஏரியாவுல இந்த வயசுக்காரங்க எல்லாம் கமிட்டியில இருக்காங்க. பூங்காவுக்கு வருவாங்கன்னு நாங்க யோசிக்கல."

கடைசியில் 'பெண்' என்று போட்டார். போட்டால்தான் அடுத்த பக்கம் திறந்தது. அங்கே, 'பயனாளரால் நடக்க முடியுமா? ஆம் / இல்லை' என்று இருந்தது.

"முடியாதுன்னு போடுங்க தம்பி. அதனாலதான கேக்கோம்."

இல்லை என்று அழுத்தினார். 'நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும். நன்றி' என்று வந்து படிவம் மூடிக்கொண்டது.

மறுபடி முதலிலிருந்து நிரப்பி, ஆம் என்று அழுத்தினார். 'தங்களுக்குச் சிறப்பு அனுமதி தேவையில்லை. பொது விதிகள் வரும்வரை காத்திருக்கவும். நன்றி' என்று வந்தது.

லிங்கேஷ் மனம் வருந்தினார். அவர் கெட்டவர் இல்லை. "கேள்விய நான்தான்க்கா தயார் பண்ணுனேன். ஆனா பொதுக்குழு ஒப்புதல் வாங்கியாச்சு. இப்பம் அத நானே தொட முடியாது" என்றார். அவளுக்கு ஒரு டீ சொன்னார்.

மனு வாய்மொழியாகச் சித்திரை மாதப் பொதுக்குழுவுக்குப் போனது. ஒரு மனிதனின் நடையைப் பற்றி முல்லை நகரில் அதுவரை யாரும் இவ்வளவு அக்கறையோடு பேசியதில்லை. எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. ஒருவர் மனிதநேயம் என்றார். இன்னொருவர் தன் மாமாவுக்கும் இதே வியாதி வந்து அவர் செத்துப்போன விதத்தை விவரித்தார். இறுதியில், மனுதாரரின் நிலையை நேரில் ஆராய மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டது. அந்த மூன்று பேருக்கும் ஒத்துவருகிற ஒரு நாள் கிடைக்க ஐந்து வாரம் ஆனது.

அவர்கள் வந்த அன்று சாம்சுந்தர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களில் இரண்டு பேர் அவருடன் சேர்ந்து முள் வெட்டியவர்கள். அவர்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நோட்டுப் புத்தகத்தையோ, லிங்கேஷ் கையிலிருந்த செல்போனையோ அவர் கவனிக்கவில்லை. வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள், எழுந்து நின்று வரவேற்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்கு.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எப்சிபா தாங்கப்போனபோது இடது கையால் விலக்கினார். வலது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து வாசல்வரை ஏழு எட்டு வைத்தார். அவ்வளவு தூரம் அவர் அதற்குமுன் வைத்ததில்லை. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. "வா" என்றார், வந்தவர்களைப் பார்த்து. "வா, வா."

துணைக்குழு கைதட்டியது. எப்சிபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் காப்பி குடித்தார்கள்.

அறிக்கை மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்தது: 'மனுதாரர் தம் இல்லத்திலேயே உற்சாகமாக நடக்கிறார். விருந்தினரை வாசல்வரை வந்து வரவேற்றார். எனவே அவசரத் தேவை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. அவருடைய மனஉறுதியைக் குழு பாராட்டுகிறது.'

எப்சிபா அதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

ரிஸானா கேள்விப்பட்டுத் தானே ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆறு மாதம் என்ற இடத்தில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தாள். அந்தக் கடிதம் ஆனி மாதக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. அடிக்கோடு சத்தமாக வாசிக்க முடியாதது என்பதால் அது பதிவாகவில்லை.

அன்று எப்சிபா எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவள்.

"எல்லாரும் நல்லவுகதான். நான் இல்லன்னு சொல்லல. நாலு மாசம் போயிட்டு. இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. கதவ மட்டும் தொறந்து விடுங்க. வேற ஒண்ணும் செய்யாண்டாம். நான் பிடிச்சிக்கிட்டுப் போறேன்."

சுந்தரராஜ் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். கூட்டத்தில் இருபத்து மூன்று பேர்தான் இருந்தார்கள். ஆனாலும் ஒலிபெருக்கி இல்லாமல் அவர் தலைவராகப் பேசுவதில்லை.

"தங்கச்சி பேசுனது என் நெஞ்சத் தொட்டுருச்சு. ஆனா ஒரு கொள்கைய நாம யோசிக்கணும். பொதுன்னா என்ன? பலபேரு. தனின்னா என்ன? ஒருத்தர். ஒருத்தரு மட்டும் உள்ள நடந்தா, அந்த நேரத்துக்கு அது அவரோட தனிச்சொத்து ஆயிருது. மத்த நூத்திப் பதினோரு வீடும் வெளிய நிக்கி. இது எவ்வளவு பெரிய அநீதி! அதனால சொல்லுதேன். ஏழு பேரு சேந்து வரட்டும். ஏழு பேரு சேந்தா அது பொது. கதவு தன்னால தொறக்கும். இந்தப் பூங்கா பூட்டிக் கெடக்கும்போதுதான் எல்லாருக்கும் சமமா இருக்கு, அத மறந்துராதீங்க."

பலத்த கைதட்டல். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதை எதிர்த்து வாக்களிப்பது என்று தெரியாததால் எப்சிபாவும் கையைத் தூக்கியிருந்தாள்.

ஏழு பேரைச் சேர்க்க அவள் வீடு வீடாகப் போனாள். சர்ச்சில் சேர்ந்து பாடுகிற இரண்டு பெண்கள் வருவதாகச் சொன்னார்கள். எதிர்வீட்டு டீச்சர் வந்தாள். மேலநீலிதநல்லூரில் வேலை, ஏழு மணிக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர் இரண்டு பேர். அவளும் சாம்சுந்தரும் சேர்ந்து ஏழு.

காலை ஆறு மணிக்குக் காவலாள் கருத்தப்பாண்டி தலைகளை எண்ணிவிட்டுக் கதவைத் திறந்தான். ஐம்பதைத் தொடும் ஒல்லியான மனிதன். கழுத்தில் சாவி, விசில் இரண்டும் தொங்கின. லிங்கேஷ் வந்து ஏழு பேரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

சாம்சுந்தர் பாதையில் வாக்கரை ஊன்றினார். தரை வழுவழுவென்று சமமாக இருந்தது. நாலு எட்டு வைத்தார். நின்றார். மறுபடி நாலு. மற்ற ஐந்து பேரும் பக்கத்தில் வந்து வந்து தாண்டிப் போனார்கள். தாண்டும்போதெல்லாம் "நல்லா நடக்கீங்க" என்றார்கள். அரை மணிக்குள் டீச்சருக்கு நேரமாகிவிட்டது. ஒரு வீட்டில் தண்ணீர் வந்துவிட்டதாகப் போன் வந்தது. சர்க்கரைக்காரர்கள் தங்கள் சுற்றுக் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். சாம்சுந்தர் அப்போது பாதையின் தூரத்து மூலையில் இருந்தார். உள்ளே மூன்று பேர்தான் மீதி.

கருத்தப்பாண்டி விசிலை வாயில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். கடைசியில் ஊதாமல் ஓடிவந்தான்.

"அக்கா, ஏழுக்குக் கொறஞ்சா வெளியேத்தணும்னு உத்தரவு. நான் என்ன செய்ய?"

அந்த மூலையிலிருந்து கதவுவரை சாம்சுந்தரை எப்சிபாவும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அழைத்துவந்தார்கள். அவரை வெளியேற்ற இருபத்தைந்து நிமிடம் ஆனது. அன்று அவர் நடந்ததில் பெரும்பகுதி அதுதான்.

மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் எப்சிபாவும் சாம்சுந்தரும் மட்டும் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

அன்று மத்தியானம் கருத்தப்பாண்டி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, மூணு மணிக்கு ஊரே தூங்கும். கமிட்டியும் தூங்கும். கேமரா ரிப்பேரு, படம் விழாது. அண்ணாச்சியக் கூட்டிட்டு வாங்க."

"உன் வேலைக்கு ஒண்ணும் வந்துராதே?"

"நடக்கத்தான போறாக? மரத்த வெட்டவா போறாக?"

பத்தொன்பது நாள் அப்படி நடந்தது. ஆடி மாதத்து வெயில், மேற்கேயிருந்து காற்று. எப்சிபா அவர் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாள். கருத்தப்பாண்டி முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பான். "வாங்க அண்ணாச்சி. இன்னொண்ணு. அம்புட்டுத்தான். இந்தா, இன்னொண்ணு." ஏழாம் நாள் அவர் பாதிச் சுற்று போனார். பதினோராம் நாள் வலது முட்டி தானாக மடங்கியது. அன்று ரிஸானாவை வரச்சொல்லிக் காட்டினாள். ரிஸானா அங்கேயே தரையில் உட்கார்ந்து அந்த முட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "மாஷா அல்லாஹ், இத விட்டுராதீங்க ஆன்ட்டி. ஒரு நாள்கூட விட்டுராதீங்க" என்றாள்.

பதினாறாம் நாள் ஒரு முழுச் சுற்று முடிந்தது. கதவுப் பக்கம் வந்து நின்றவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி அவளைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு வெகுநேரம் எதையோ தேடியது.

"எப்... சி" என்றார்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாக அவர் அவளை அப்படித்தான் கூப்பிட்டு வந்தார். ஐந்து மாதமாக அது இல்லாமல் இருந்தது. அவள் துண்டை விடாமல் பிடித்துக்கொண்டே அழுதாள். கருத்தப்பாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு மரத்தில் எதையோ எண்ணினான்.

பத்தொன்பதாம் நாள் கேமராவைச் சரிசெய்திருந்தார்கள். அதைக் கருத்தப்பாண்டியிடம் யாரும் சொல்லவில்லை.

இருபதாம் நாள் காலையில் குழுவில் நாற்பது நொடி வீடியோ வந்தது. ஒரு மனிதர் காலை இழுத்துக்கொண்டு வருகிறார். பின்னால் ஒரு பெண் துண்டைப் பிடித்திருக்கிறாள். முன்னால் ஒருவன் கையை விரித்துக்கொண்டு பின்னோக்கிப் போகிறான். கீழே லிங்கேஷ் எழுதியிருந்தார்: 'பொதுச் சொத்தில் தனிநபர் பயன்பாடு கண்டறியப்பட்டது. நமது கண்காணிப்பு அமைப்பு சிறப்பாக வேலை செய்கிறது.'

நாற்பத்து மூன்று கட்டைவிரல். எப்சிபா ஒவ்வொரு பெயராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எதிர்வீட்டு டீச்சர் பெயரும் இருந்தது. கேமரா வேலை செய்வதற்காகத்தான் போட்டேன் என்று டீச்சர் பிறகு சத்தியம் செய்தாள்.

விசாரணையில் கருத்தப்பாண்டியிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்? "என்னையும் சேத்து மூணு" என்றான். அத்துடன் வேலை போயிற்று. எப்சிபா சுந்தரராஜ் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தப்பு என்மேல அண்ணாச்சி. அவன விட்டுருங்க. அவனுக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க."

"தங்கச்சி, நான் சொன்னா நம்புவீங்களா? அந்த வீடியோவப் பாத்து நான் அழுதேன். வீட்டுல கேட்டுப் பாருங்க, அன்னைக்கு நான் சாப்பிடல." அவர் சொன்னது உண்மைதான். "தனிப்பட்ட முறையில நான் அழலாம். அமைப்பு அழ முடியாதே. அமைப்பு அழுதா நாளைக்கு யாரு அத மதிப்பா?"

கருத்தப்பாண்டி புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். விசாரணை முழுமையடையும்வரை பூங்கா யாருக்கும் திறக்கப்படாது என்று அறிவித்தார்கள். யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. அதற்குள் எல்லோரும் ஊருக்கு வெளியே பைபாஸ் ரோட்டில் நடந்து பழகியிருந்தார்கள்.

மூன்று மணி ஆனதும் சாம்சுந்தர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். இடது கையால் துண்டை எடுத்து அவளிடம் நீட்டுவார். "வா" என்பார். "இன்னைக்கு வெயிலு ரொம்ப, நாளைக்குப் போவோம்" என்று அவள் சொல்வாள். அடுத்த நாள் காற்று என்பாள். பிறகு மழை. ஐப்பசியில் நிஜமாகவே மழை பெய்தது. தெருப் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. ஒருநாள் மூன்று மணிக்கு அவர் துண்டை எடுக்கவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை. அவள் அடுப்படியிலிருந்து அதைக் கவனித்துக்கொண்டே நின்றாள். பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை.

கார்த்திகையில் ரிஸானா அவர் காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். பாதம் உள்பக்கமாகத் திரும்பி இறுகியிருந்தது. முட்டி அசையவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள்.

"வலிக்காம பாத்துக்கிடலாம் ஆன்ட்டி" என்றாள். நடை என்ற வார்த்தையை அவள் அதன்பிறகு சொல்லவில்லை. எப்சி என்று அவர் கூப்பிட்டதும் அந்தப் பதினாறாம் நாளோடு சரி.

தை மாதத்தில் முல்லை நகருக்கு ஒரு பெருமை வந்தது. பொது இடங்களை மக்களே சேர்ந்து சிறப்பாக நிர்வகிக்கும் குடியிருப்புகளுக்கு ஒரு விருது அறிவித்திருந்தார்கள். முல்லை நகர்ப் பூங்கா இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்தது. விண்ணப்பத்தோடு போன போட்டோக்களில் ஒரு கல் உடைந்திருக்கவில்லை, ஒரு புல் மிதிபட்டிருக்கவில்லை, பெஞ்சில் பெயிண்டு உரியவில்லை. நேரில் பார்க்க மூன்று பேர் வருகிறார்கள் என்றதும்தான் குழுவுக்கு ஒன்று நினைவு வந்தது. பூங்காவுக்குள் மனிதர்கள் வேண்டும்.

சுந்தரராஜும் லிங்கேஷும் எப்சிபா வீட்டுக்கு வந்தார்கள்.

"தங்கச்சி, மனுவ ஏத்துக்கிட்டோம். ஒரு வருஷமானாலும் அமைப்பு யாரையும் கைவிடாது. சாம்சுந்தர கௌரவப் பயனாளரா நியமிச்சிருக்கோம். ஏழு பேரு வேண்டாம். அவரு ஒருத்தரே ஏழு பேருக்குச் சமம்னு தீர்மானம் போட்டாச்சு. சாவியே அவரு கையில குடுக்கப்போறோம்."

எப்சிபா திரும்பி உள்ளே பார்த்தாள். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நடக்க வேண்டியதில்ல. சும்மா இருந்தாப் போதும்" என்றார் லிங்கேஷ்.

அவள் ஏன் சம்மதித்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு தடவை அந்த மரங்களுக்கு அடியில் அவர் இருந்துவிட்டு வரட்டும் என்று பட்டது. வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள்.

பந்தல் போட்டிருந்தது. வாழைமரம் கட்டியிருந்தது. ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள்; சுவர் வந்தபின் பலபேர் உள்ளே வருவது அதுதான் முதல் தடவை. பார்வையிட வந்த மூன்று பேரில் வயதான அம்மாள் ஒருத்தர் சாம்சுந்தர் அருகே குனிந்து, "அய்யா, தினமும் இங்க நடப்பீங்களா?" என்று கேட்டார்.

சாம்சுந்தர் அந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு அவர் கண் பாதைக்குப் போனது. வெயில் விழுந்து கற்கள் மினுங்கிய அந்தத் தூரத்து மூலை வரைக்கும் மெதுவாகப் போய்த் திரும்பி வந்தது. "ம்" என்றார்.

"தினமும் நடக்கிறார்" என்று அந்த அம்மாள் எழுதிக்கொண்டார்.

எப்சிபா வாயைத் திறந்தாள். அதற்குள் ஒலிபெருக்கி கத்தியது. சுந்தரராஜ் பேசத் தொடங்கியிருந்தார். "சாம்சுந்தர் உழைத்தார். சாம்சுந்தர் முள்ளை வெட்டினார். சாம்சுந்தர் இந்த மண்ணை நேசித்தார்" என்று இரங்கல் கூட்டத்தில் பேசுவதுபோலவே பேசினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு ரிப்பன் கட்டிய சாவியைக் கொண்டுவந்து சாம்சுந்தரின் வலது கையில் வைத்தார். வலது கையில் கொடுப்பதுதான் முறை. சாவி நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

போட்டோ எடுப்பவர், "அய்யா, கெட்டியாப் பிடிங்க" என்றார்.

லிங்கேஷ் முழங்கால் போட்டு உட்கார்ந்து, சாம்சுந்தரின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சாவியைச் சுற்றி மூடினார். மூடியபின் தன் கையையும் மேலே வைத்து அழுத்திக்கொண்டார். படம் நன்றாக வந்தது. விருதும் கிடைத்தது.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். பூங்காவில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். கதவு அகலத் திறந்து கிடந்தது. விசில் ஊத யாரும் இல்லை. எப்சிபா நாற்காலியைப் பாதைக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் இடுப்பில் சுற்றினாள். "எந்திரிங்க, பாப்போம்" என்றாள். அவர் இடது கையால் நாற்காலியை ஊன்றினார். அவள் இழுத்தாள். பாதி எழுந்தார். வலது பாதம் திரும்பிய வாக்கிலேயே கல்லில் நின்றது. அவர் முகம் வலியில் சுருங்கியது. அவள் தாங்கிப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தாள்.

துண்டை அவிழ்க்கப்போனபோது அவர் இடது கை அவள் தலையைத் தடவியது. ஆறுதல் சொல்வதுபோல இரண்டு தடவை தட்டியது.

அவரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சுந்தரராஜும் லிங்கேஷும் வாசலில் நின்றார்கள். பூங்கா விடியவிடியத் திறந்தே கிடந்ததாம். பெஞ்சில் யாரோ உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நடைபாதையில் செருப்புத் தடம். கௌரவப் பயனாளரின் பொறுப்பில் சாவி இருக்கும்போது இப்படி நேர்ந்தது அமைப்புக்கே களங்கம் என்றார் சுந்தரராஜ். எழுத்துமூலம் விளக்கம் வேண்டும். எழுத முடியாவிட்டால் வாயால் சொன்னாலும் பதிவு செய்துகொள்ளலாம்.

எப்சிபா சாவியைக் கொண்டுவந்து சுந்தரராஜ் கையில் வைத்தாள்.

"ஏன் பூட்டாம வந்தீங்கன்னுதான் கேக்கோம், தங்கச்சி."

"பூட்டி வைக்க இனிமே அங்கன எங்களுக்கு என்ன இருக்கு, அண்ணாச்சி?" என்றாள்.

அவள் உள்ளே போய்விட்டாள். லிங்கேஷ் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் சுந்தரராஜைப் பார்த்து, இதை விளக்கம் என்று பதியவா, மறுப்பு என்று பதியவா என்று கேட்டார். சுந்தரராஜ் வெகுநேரம் யோசித்தார். ஒரு துணைக்குழு போட்டுவிடலாம் என்றார்.